பிக்கப்பில் கதவு ஸ்பீக்கர்களை மாற்றியதும் ஒலி மெலிந்துவிட்டது, அடுத்து எதைச் செய்வது?

டபுள்கேபின் எழுதியது:

வணக்கம். நான்கு கதவுகள் கொண்ட டபுள் கேபின் பிக்கப் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். கம்பெனி பொருத்திக் கொடுத்த தொடுதிரை ஹெட் யூனிட், கதவுக்கு ஒன்றாக நான்கு ஸ்பீக்கர்கள், டேஷ்போர்டின் இரு ஓரங்களிலும் சிறு ட்வீட்டர்கள், இவ்வளவுதான் அதிலுள்ள ஒலியமைப்பு. தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. மெதுவாகப் போகும்போது குறை சொல்ல முடியாத அளவுக்குப் பாடும். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் டயர் இரைச்சலும் டீசல் எஞ்சினின் உறுமலும் பாட்டின் அடிப்பகுதியை விழுங்கிவிட, பாடகரின் குரல் மட்டும் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இதைச் சரிசெய்ய நினைத்து, சென்ற வாரம் முன்கதவு ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, அட்டைப்பெட்டியில் 300 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்த 6.5 அங்குல கோஆக்சியல் ஸ்பீக்கர்களை (கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் உள்ளவை) நானே பொருத்தினேன். பழைய ஸ்பீக்கரின் காந்தம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்; புதியதைத் தூக்கினாலே கை இறங்கியது. ஆகவே பெரிய மாற்றத்தை எதிர்பார்த்தேன். மாற்றம் வந்தது, ஆனால் தலைகீழாக. மேல் சுருதிகள் தெளிவடைந்தன என்பது உண்மை. பேஸ் மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. முன்பு வால்யூம் 18இல் கிடைத்த சத்தத்துக்கு இப்போது 26 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது.

பின்பக்கக் கேமராவும் ஸ்டியரிங் பொத்தான்களும் ஹெட் யூனிட்டோடு பிணைந்திருப்பதால் அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை. பின் இருக்கைக்கு அடியில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் உயரத்துக்கு இடம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர், தகரத்தின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது சரி?

செம்புக்கம்பி எழுதியது:

நண்பரே, அந்த 300 வாட் என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். ஸ்பீக்கர் எந்த வாட்டையும் கொடுப்பதில்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறது. உங்கள் ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் சிறு சில்லு, வண்டி ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட் சொச்சத்தைக் கொண்டே வேலை செய்கிறது. அந்த மின்னழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி 26 வாட்டுக்கு மேல் சிதைவில்லாமல் தர வழியே இல்லை. இழப்புகள் போகக் கையில் கிடைப்பது 18 முதல் 20 வாட் வரை. முகப்பில் "50 பெருக்கல் 4" என்று எழுதியிருந்தாலும் நிலவரம் இதுதான்.

இனி, சத்தம் ஏன் குறைந்தது என்பதற்கு வருவோம். கழற்றிய பழைய ஸ்பீக்கரை எடுத்து அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். 3.2 முதல் 3.6 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர், 1.6, 1.8 என்று காட்டினால் 2 ஓம் ஸ்பீக்கர். பல வண்டிகளில், குறைந்த மின்னழுத்தத்திலிருந்து கூடுதல் சக்தியைக் கறப்பதற்காகவே 2 ஓம் ஸ்பீக்கர்களைப் போடுகிறார்கள். அந்த இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கரை வைத்தால் அதே மின்னழுத்தத்துக்குச் சக்தி பாதியாகிவிடும், அதாவது 3 டெசிபெல் இழப்பு. கனமான காந்தமும் தடித்த கூம்பும் கொண்ட புதிய ஸ்பீக்கரின் உணர்திறன் (அதே சக்திக்கு எழுப்பும் சத்தத்தின் அளவு) பழையதைவிட 3 டெசிபெல் குறைவாக இருந்தால், இரண்டும் சேர்ந்து 6 டெசிபெல். அந்த இழப்பை ஈடுகட்ட நான்கு மடங்கு சக்தி வேண்டும், அது ஹெட் யூனிட்டிடம் இல்லை. (உணர்திறனை ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை: சிலர் 1 வாட்டுக்கும் சிலர் 2.83 வோல்ட்டுக்கும் கணக்கிட்டு அச்சிடுகிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட் ஆகும். ஆகவே இரண்டாவது முறையில் எண் 3 டெசிபெல் கூடுதலாகத் தெரியும்.)

இன்னொன்றையும் இன்றே பார்த்துவிடுங்கள். ஒலியை முன்பின்னாகப் பகிரும் ஃபேடரை முழுவதும் முன்னால் தள்ளி, இடம் வலமாகப் பகிரும் பேலன்ஸை முழுவதும் இடப்பக்கம் கொண்டுபோய் ஒரு பேஸ் கிடார் வரும் பாட்டைக் கேளுங்கள். பிறகு நடுவுக்குக் கொண்டு வாருங்கள். நடுவில் பேஸ் கூடாமல் குறைந்தால், ஒரு கதவில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கதவுக்குள்ளே எழுதியது:

செம்புக்கம்பி சொன்னது சத்தம் குறைந்ததற்கான விளக்கம். பேஸ் காணாமல் போனதற்கு நான் கதவின் மீதுதான் முதல் சந்தேகம் கொள்வேன், ஏனென்றால் இதே தவறை நானும் செய்து, ஸ்பீக்கரைக் குறை சொல்லி, இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மையைக் கண்டேன்.

வீட்டில் இருக்கும் ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. வண்டியில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டும். கூம்பு முன்னால் நகரும்போது கேபினுக்குள் காற்று அழுத்தப்படுகிறது, அதே நொடியில் கதவுக்குள் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் சந்திக்க வழியிருந்தால் ஒன்றையொன்று நிரவிக்கொண்டு ஒலியே இல்லாமல் போய்விடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால், அதற்குக் கதவிலுள்ள கையகல ஓட்டை ஒரு தடையே அல்ல, எளிதாகச் சுற்றி வந்துவிடும். சில சென்டிமீட்டர் நீளமே உள்ள உச்ச சுருதி அலைகளுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. உங்கள் வண்டியில் டிரெபிள் தெளிவாகி பேஸ் மட்டும் மறைந்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஸ்பீக்கரை மறுபடி கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் சட்டம் ஒரு சிறு கிண்ணம்போல் ஆழமாக இருக்கும். விளிம்பில் ஸ்பாஞ்சு வளையம் ஒட்டியிருக்கும். அந்த வளையம் ஒரு பக்கம் கதவின் தகரத்தையும், மற்றொரு வளையம் இருந்தால் அது டோர் பேடின் (கதவின் உட்பக்க உறையின்) ஜாலியையும் அழுத்திப் பிடித்து இடைவெளியை அடைக்கும். நீங்கள் அதைக் கழற்றிவிட்டுத் தட்டையான ஓர் அடாப்டர் வளையத்தின் மேல் புதிய ஸ்பீக்கரைத் திருகியிருப்பீர்கள். டோர் பேடைக் கழற்றி, கதவின் உட்புறத்தில் கைபேசி விளக்கை எரியவிட்டு, வெளியே இருட்டாக வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைச் சுற்றிப் பாருங்கள். வளையத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் காற்றும் அந்த வழியில் கசிகிறது. எனக்கு மூன்று இடங்களில் கசிந்தது. ஒரு திருகு ஓட்டை வழியாக நூல்போல் ஒரு கதிர் நேராக என் சட்டையில் விழுந்தது.

செய்ய வேண்டியது இதுதான். மழை ஈரம் பட்டால் உப்பிவிடும் மரத்தூள் பலகை வளையத்தைத் தவிர்த்து, கெட்டியான பிளாஸ்டிக் வளையத்தை நீர் உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் பட்டியோடு சேர்த்துத் திருகுங்கள். வெளித்தகரத்தின் உட்பக்கத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டை (டேம்பிங் ஷீட் என்பது இதுதான்) ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒட்டி, உருளையால் நன்றாக அழுத்துங்கள். தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. கால் பங்குப் பரப்பை மூடினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது கதவின் எடையைக் கூட்டுமே தவிர அதே விகிதத்தில் பலன் தராது. விரலால் தட்டிப் பார்த்தால் டங்கென்ற ஓசை போய் டொக்கென்று கேட்க வேண்டும். அடுத்து, உள்தகரத்திலுள்ள பெரிய ஓட்டைகளை அடையுங்கள். வெறும் பியூட்டைல் ஷீட்டை அவற்றின் மேல் விரித்தால் அது முரசுத் தோல்போல் துடிக்கும்; கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை அளவாக வெட்டி வைத்து அதன் மேல் ஒட்டுவது நல்லது. லாக் கம்பிகள், கண்ணாடி இறங்கும் பாதை, கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியும் துளைகள் ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. துளைகளை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கூரைக் கசிவுக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கிவிடாதீர்கள். வெயிலில் இளகி வழிவதோடு அதன் வாடை கேபினை விட்டுப் போகாது.

பிக்கப்புக்கே உரிய ஒரு விஷயம்: பின் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கேபின் சுவர் பெரிய தட்டைத் தகரம், எஞ்சின் உறுமலுக்கு அதுவும் கூடவே பாடும். அங்கேயும் சில துண்டுகள் ஒட்டலாம். ஆனால் அந்தச் சுவரில் ரப்பர் மடிப்புகளோடு காற்று வெளியேறும் திறப்புகள் இருக்கும். அவற்றை மூடிவிட்டால் கதவை அடைக்கும்போது காது அடைக்கும், கதவும் சரியாகச் சாத்தாது.

தாழ்சுருதி எழுதியது:

கதவைச் சீர்செய்வதில் எனக்கு மறுப்பில்லை. வரிசையில்தான் மாறுபடுகிறேன். கேட்டவரின் குறை என்ன? நெடுஞ்சாலையில் பாட்டின் அடிப்பகுதி மூழ்கிவிடுகிறது என்பதுதான். சாலை இரைச்சலின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவெண்களில் குவிந்திருக்கிறது. அதற்கு மேலாக 50 ஹெர்ட்ஸை எழுப்ப 6.5 அங்குலக் கதவு ஸ்பீக்கரால், அதைக் கற்சுவரில் பதித்தாலும், முடியாது. அதே சத்தத்தை ஓர் எண்மம் கீழே எழுப்ப, அதாவது 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்க, கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கதவு ஸ்பீக்கருக்கு அந்த அசைவு கிடையாது.

பின் இருக்கைக்கு அடியில் 17 சென்டிமீட்டர் இருப்பது நல்ல வாய்ப்பு. ஆழம் குறைந்த 10 அங்குல சப்வூஃபர்களில் பலவற்றுக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி போதும். துளை வைத்த பெட்டி அதிகச் சத்தம் தரும்தான், ஆனால் அது கேட்கும் கொள்ளளவுக்குப் பிக்கப்பில் இடமில்லை. தவிர, கேபின் சிறியது என்பதே இங்கே நமக்குச் சாதகம்: ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிறிய மூடிய அறை தானாகவே பேஸை உயர்த்திக் கொடுக்கும், மூடிய பெட்டியின் இயல்பான சரிவை அது ஓரளவு ஈடுகட்டும். ஸ்பீக்கர் தரையை நோக்கி இருந்தால் கூம்புக்கும் கம்பளத்துக்கும் நடுவில் 3 சென்டிமீட்டராவது விடுங்கள். ஜாக்கியும் ஸ்பானரும் அங்கேதான் இருக்கும் என்றால், பெட்டியை இழுக்காமல் அவற்றை எடுக்க முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சரான இரவில் அதைக் கண்டுபிடிப்பது இனிமையான அனுபவமல்ல.

சப்வூஃபர் வந்த பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் ஃபில்டர் வைத்து, அதற்குக் கீழுள்ள ஒலிகளைத் தடுத்துவிடலாம். தாழ்ந்த ஒலிக்காகத் திணறுவது நின்றதும் அதே ஸ்பீக்கரிலிருந்து குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதைக் கேட்டால் வியப்படைவீர்கள்.

டபுள்கேபின் எழுதியது:

பதில்களுக்கு மிக்க நன்றி. பழைய ஸ்பீக்கர் 1.7 ஓம் காட்டியது, புதியது 3.4. பேலன்ஸ் சோதனையில் பிழையில்லை, இரு கதவுகளும் ஒரே திசையில்தான் அசைகின்றன. விளக்குச் சோதனையில் ஓட்டுநர் பக்கக் கதவின் வளையத்தைச் சுற்றிப் பிறைநிலா வடிவில் வெளிச்சம் தெரிந்தது. இதைப் படித்திருக்காவிட்டால் அடுத்ததாக இன்னொரு ஜோடி ஸ்பீக்கர்களை வாங்கியிருப்பேன். கதவு, ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் மூன்றையும் செய்யத் தீர்மானித்துவிட்டேன். ஹெட் யூனிட்டில் ஆம்ப்ளிஃபயருக்கென்று ஆர்சிஏ வெளியீடு (சிக்னல் எடுக்கும் தனி இணைப்பு) இல்லையே, ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் எங்கிருந்து எடுப்பது?

செம்புக்கம்பி எழுதியது:

ஸ்பீக்கர் வயர்களிலிருந்தே எடுக்கலாம். ஸ்பீக்கர் மட்டத்துச் சிக்னலை நேரடியாக ஏற்கும் உள்ளீடு பல ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கிறது. இல்லையென்றால் அந்தச் சிக்னலை ஆர்சிஏ மட்டத்துக்குக் குறைக்கும் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வைக்க வேண்டும். உங்கள் நிலைக்கு நான் பரிந்துரைப்பது ஒரு நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர். முதல் இரண்டு சேனல்கள் முன்கதவுகளுக்கு, பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாக இணைத்து) 4 ஓம் சப்வூஃபருக்கு. பின்கதவு ஸ்பீக்கர்கள் ஹெட் யூனிட்டிலேயே கிடக்கட்டும், பின்னால் யாராவது உட்காரும்போது பயன்படும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். சில ஹெட் யூனிட்கள், கம்பெனி ஸ்பீக்கர் கிழியாமலிருக்க, வால்யூம் ஏற ஏற பேஸைத் தாமாகவே வெட்டிக்கொண்டு போகும். ஒரே அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகளை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, குறைந்த வால்யூமிலும் அதிக வால்யூமிலும் இரண்டின் விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விகிதம் மாறாவிட்டால் கவலையில்லை. மாறினால், அந்த வெட்டலை ஈடுசெய்யும் டிஎஸ்பி (டிஜிட்டல் முறையில் ஒலியைத் திருத்தும் கருவி) ஒன்று தேவைப்படும். ஸ்பீக்கரைத் துண்டித்ததும் சேனலை அணைத்துவிடும் ஹெட் யூனிட்களும் உண்டு. அவற்றுக்கு, ஸ்பீக்கர் இருப்பதுபோல் காட்ட, வயரின் குறுக்கே ஒரு லோடு ரெசிஸ்டர் போட வேண்டும்.

வயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். கதவுகளுக்கு 60 வாட் வீதமும் சப்வூஃபருக்கு 180 வாட்டும் என்றால் மொத்தம் 300. குறைந்த மின்சாரத்தை வீணாக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் உச்சத்தில் 27 ஆம்பியர் இழுக்கும். பானெட்டிலிருந்து பின் இருக்கை வரை 5 மீட்டர் ஓடும் கம்பிக்கு 16 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு போதுமானது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு, ஆகவே அதே தடிமனில் வாங்கி ஏமாறாதீர்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயருக்கான காவல் அல்ல, கம்பி எங்காவது உரசி பாடியைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்காமலிருப்பதற்கான காவல். எஞ்சின் அறைச் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் இல்லாமல் கம்பியை நுழைக்கவே கூடாது. வேலை தொடங்குமுன் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். இருக்கைக்கு அடியிலும் முன் தூண்களிலும் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் வயரிங், அதைத் தொடாதீர்கள்.

டபுள்கேபின் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கதவு வேலைக்கே ஒரு ஞாயிறு முழுவதும் பிடித்தது. கதவை முடித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் வருவதற்கு முன்பே அதே ஹெட் யூனிட்டில் ஓட்டிப் பார்த்தேன்: சத்தம் கூடவில்லை, ஆனால் போன பேஸ் திரும்பி வந்திருந்தது. விகிதச் சோதனையிலும் மாற்றம் இல்லை. ஆம்ப்ளிஃபயரின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை), ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, கதவுச் சேனலில் 15.5 வோல்ட்டும் சப்வூஃபர் சேனலில் 26.8 வோல்ட்டும் வரும்வரை ஏற்றினேன். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் எண்கள் இவை. தாழ்சுருதி அவர்கள் சொன்னதுபோல் 80 ஹெர்ட்ஸில் பிரித்த பிறகு, நெடுஞ்சாலையிலும் பேஸ் கிடாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது.

ஒரே ஒரு தொல்லை. எஞ்சின் ஓடும்போது ட்வீட்டரில் மெல்லிய கீச்சொலி ஒன்று வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் ஏறுகிறது. எர்த் வயரைப் பின் இருக்கையின் போல்ட்டில் கொடுத்திருக்கிறேன்.

செம்புக்கம்பி எழுதியது:

சந்தேகப்பட வேண்டியது அந்த போல்ட்டைத்தான். இருக்கை போல்ட்டின் மரையில் பெயிண்டும் ஒட்டுப் பசையும் இருக்கும். மின்னோட்டத்துக்கு அது நல்ல பாதையல்ல. பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் கழித்தல் முனைக்கும் நடுவில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 0.1, 0.2 வரை பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால், தரைத் தகரத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பான உலோகத்தில் தனி போல்ட் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பெயிண்ட் பூசுங்கள். துளையிடுவதற்கு முன் அடியில் எரிபொருள் டேங்கோ பிரேக் குழாயோ இல்லை என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

பிக்கப்பில் இன்னொரு கண்ணியும் உண்டு. கேபின் சேசிஸின் மேல் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது. கேபினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் பாதை, பின்னிய செம்புப் பட்டை ஒன்றையோ இரண்டையோ நம்பித்தான் இருக்கிறது. அதன் முனைகள் சேறும் துருவும் பிடித்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். கழித்தல் முனையில் சிறு சென்சார் பொருத்திய வண்டியானால் எர்த்தை நேராக அந்த முனையில் கொடுக்காமல் பாடியிலேயே கொடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியின் கணக்கு பிசகும்.

டபுள்கேபின் எழுதியது:

அளந்ததில் 0.7 வோல்ட் காட்டியது. தகரத்தைச் சுரண்டிப் புதிய போல்ட் போட்டு, எஞ்சின் அறையிலிருந்த செம்புப் பட்டையின் முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், இப்போது 0.08. கீச்சொலி அடியோடு நின்றுவிட்டது. இனி மிச்சமிருப்பது 45 ஹெர்ட்ஸ் வரும் இடங்களில் மட்டும் பின் இருக்கையின் சீட் பெல்ட் கொக்கி பிளாஸ்டிக்கில் மோதிப் படபடக்கும் ஓசை. அதைச் சுற்றி ஒரு துண்டு ஃபெல்ட் துணியை ஒட்டியிருக்கிறேன், காய்ந்துகொண்டிருக்கிறது.